தொரை மாறினால் பேர் இருக்குமா?

எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் (ஈஏ) என்ற வீடியோ கேம் கம்பனியை 55 பில்லியன் டொலருக்கு வாங்கப் போகிறார்கள் என்ற செய்தி 2025 செப்டம்பர் 29ஆம் திகதி வெளியானது. அன்றிரவு எங்கள் பள்ளிக்கூட நண்பர்களின் வட்ஸ்அப் குழு தூங்கவே இல்லை. சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம், அமெரிக்காவின் சில்வர் லேக், ட்ரம்ப்பின் மருமகன் ஜாரெட் குஷ்னர் நடத்தும் அஃபினிட்டி பார்ட்னர்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து வாங்குகின்றன. அதில் 20 பில்லியன் கடன். டுபாயில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், "நல்லதுதானே மச்சான், காசுள்ள ஆளு கையில போனா நல்ல கேம் வரும். இனிமேலாவது கிரிக்கெட் ஒன்னு செய்வான்" என்று குரல் பதிவு போட்டான். பலர் அதற்குக் கைதட்டினார்கள். கம்பனி பெரிதானால் கேமும் பெரிதாகும், கம்பனிகள் ஒன்று சேர்ந்தால் விளையாடுகிறவனுக்கு லாபம் என்ற நம்பிக்கை எங்கள் வயதுக்காரர்களிடம் நிறைய இருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்பதை ஒரு குரல் பதிவில் சொல்லிவிடவும் முடியவில்லை. இந்த விஷயம் எனக்குள் கிடந்து அரிப்பதற்குக் காரணம் செய்தியில் வந்த தொகை அல்ல. அதற்குச் சில மாதங்கள் முன்பு மலையகத்து நோர்வூட்டில் எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு அம்மா கேட்ட ஒரு கேள்விதான். அதற்கு வருகிறேன்.

முதலில் கிரிக்கெட். ஹட்டன் டவுனில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ஈஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07 என்றால் விளக்கம் தேவையில்லை. கொமியூனிகேஷன் கடையின் பின்பக்க அறையில் மூன்று நான்கு பழைய கம்பியூட்டர்கள் இருக்கும். டியூஷன் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், ஒரே கீபோர்டில் இரண்டு பேர் தோள் இடிக்க உட்கார்ந்து ஆடுவோம். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும், உள்ளே ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் வர்ணனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். உரிமம் வாங்காத அணிகளின் வீரர்களுக்குப் பெயரை மாற்றிப் போட்டிருந்தார்கள். அதைத் திருத்த இணையத்தில் ரசிகர்கள் செய்த கோப்புகளை யாராவது பென்டிரைவில் கொண்டுவந்து போடுவார்கள். அந்தக் கேமை உண்மையில் செய்தவர்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், லூனன்பேர்க் என்ற சிறிய கடலோர ஊரில் இருந்த எச்பி ஸ்டூடியோஸ் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது. கிரிக்கெட்டுக்குப் பேர்போகாத ஒரு நாட்டின் மீன்பிடி ஊரில் உட்கார்ந்து யாரோ சிலர் எங்களுக்காக அதைச் செய்திருக்கிறார்கள். 2006 நவம்பரில் வெளியான அந்தக் கேமுக்குப் பிறகு ஈஏ அதுபோல் இன்னொரு கிரிக்கெட் கேம் செய்யவே இல்லை. அன்றைக்கு அதற்குப் போட்டியாக இருந்தது பிரையன் லாரா பெயரில் வந்த வரிசை. அதை வெளியிட்டது கோட்மாஸ்டர்ஸ் என்ற பிரித்தானியக் கம்பனி. 2021இல் கோட்மாஸ்டர்ஸை 1.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது யார் தெரியுமா? அதே ஈஏதான். கார்ப் பந்தயக் கேம்களுக்காக வாங்கினார்கள். ஆக ஒரு காலத்தில் நாம் "எது நல்லது" என்று சண்டை பிடித்த இரண்டு கிரிக்கெட் வரிசைகளையும் வெளியிட்ட கம்பனிகள் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அந்தக் கூரையின் கீழ் கிரிக்கெட் இல்லை.

டுபாய் நண்பனுக்கு நான் முதலில் சொல்ல நினைத்த பதில் இதுதான். இரண்டு கடைகள் இருந்தபோது ஒருவன் செய்யாவிட்டால் மற்றவன் செய்வான் என்ற பயமாவது இருவருக்கும் இருந்தது. ஒருவனே ஆகிவிட்டால் அந்தப் பயம் போய்விடுகிறது. இன்று பெரிய திரையில் கிரிக்கெட் செய்கிற குறிப்பிடத்தக்க ஸ்டூடியோ மெல்பேர்னில் உள்ள பிக் ஆன்ட். அதையும் 2021இல் பிரான்சின் நாக்கோன் வாங்கிவிட்டது. நம் பையன்கள் போனில் ஆடும் ரியல் கிரிக்கெட்டைச் செய்யும் நொட்டிலஸ் மொபைல் 2025இல் தென்கொரியாவின் கிராஃப்டன் கைக்குப் போனது. யாரும் கைமாறாமல் இல்லை.

எத்தனை கை மாறிய ஸ்டூடியோ

கைமாறுவது என்றால் என்ன என்பதை ஒரு கம்பனியின் கதையில் பார்த்தால்தான் புரிகிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இருந்த வொலிஷன் ஸ்டூடியோவின் தொடக்கம் 1993. 2000இல் டிஎச்க்யூ கம்பனி அதை வாங்கியது. டிஎச்க்யூ கடனில் மூழ்கிப்போக, 2013இல் ஏலத்தில் ஜேர்மன் பக்கத்துக் கோக் மீடியாவுக்குப் போனது. 2018இல் கோக் மீடியாவையே சுவீடனின் எம்பிரேசர் குழுமம் வாங்கியது. எம்பிரேசர் கடன் மலிவாகக் கிடைத்த காலத்தில் கண்ணில் பட்ட ஸ்டூடியோவை எல்லாம் வாங்கிக் குவித்த கம்பனி. 2023 மே மாதம் அவர்கள் நம்பியிருந்த 2 பில்லியன் டொலர் ஒப்பந்தம் ஒன்று கடைசி நேரத்தில் முறிந்தது. மறுபக்கம் இருந்தது சவூதி நிதியத்தின் சாவி குழுமம் என்று பிறகு செய்திகளில் வந்தது. அந்த ஓட்டையை அடைக்க ஆட்களைக் குறைத்தார்கள், ஸ்டூடியோக்களை மூடினார்கள். 2023 ஓகஸ்ட் 31ஆம் திகதி வொலிஷன் மூடப்பட்டது. 30 வருஷம் ஓடிய இடம். அங்கே வேலை செய்தவர்கள் அந்த 2 பில்லியன் பேரத்தில் உட்கார்ந்தவர்கள் அல்ல. அவர்கள் செய்த செயின்ட்ஸ் ரோ என்ற கேமின் பெயர் மட்டும் எம்பிரேசரின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்று ஜப்பானின் டேங்கோ கேம்வேர்க்ஸ். 2010இல் ஷின்ஜி மிகாமி தொடங்கினார். அதே வருஷம் அமெரிக்காவின் செனிமேக்ஸ் கம்பனி அதை வாங்கியது. 2021இல் மைக்ரோசொஃப்ட் செனிமேக்ஸை வாங்கியபோது, அதன் கேம் வெளியீட்டுக் கம்பனியான பெதஸ்டாவோடு சேர்ந்து டேங்கோவும் அங்கே போனது. 2023 ஜனவரியில் அவர்கள் ஹை-ஃபை ரஷ் என்ற கேமை வெளியிட்டார்கள். பின்னணி இசையின் தாளத்துக்கு நடையும் அடியும் விழுகிற கேம். விளம்பரமே இல்லாமல், அறிவித்த அன்றே விற்பனைக்கு விட்டார்கள். எல்லா அளவிலும் எதிர்பார்த்தபடி வெற்றி என்று மைக்ரோசொஃப்ட்டின் கேம் பிரிவான எக்ஸ்பொக்ஸ் பக்கத்து அதிகாரி ஒருவரே பகிரங்கமாக எழுதினார். அந்த வருஷக் கேம் விருதுகளில் சிறந்த ஒலி வடிவமைப்புக்கான விருதும் கிடைத்தது. 2024 மே மாதம் டேங்கோவை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அடுத்த நாள் நடந்த உள்கூட்டத்தில், விருதும் மரியாதையும் வாங்கித் தரும் சிறிய கேம்கள் நமக்குத் தேவை என்று எக்ஸ்பொக்ஸ் ஸ்டூடியோக்களின் தலைவர் பேசியதாக ஊடகங்களில் வந்தது. அப்படி ஒரு கேம் செய்த இடத்தைத்தான் முதல் நாள் மூடுவதாக அறிவித்திருந்தார்கள். நல்லவேளையாக அதே வருஷம் ஓகஸ்ட்டில் கிராஃப்டன் அந்த அணியையும் ஹை-ஃபை ரஷ்ஷின் உரிமையையும் எடுத்துக்கொண்டது. மற்றக் கேம்களின் பெயர்கள் மைக்ரோசொஃப்ட்டிடமே நின்றுவிட்டன.

இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். அக்டிவிஷன் பிளிசார்ட் என்ற பெரிய கேம் கம்பனியை மைக்ரோசொஃப்ட் 68.7 பில்லியன் டொலருக்கு வாங்கி முடித்தது 2023 ஒக்டோபர் 13. 2024 ஜனவரியில் 1,900 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2023, 2024 இரண்டு வருஷமும் இந்தத் துறையில் உலகம் முழுக்க வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். எல்லாவற்றுக்கும் கம்பனி இணைப்புத்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டில் இருந்து விளையாடியதைப் பார்த்து அளவுக்கு மீறி ஆள் எடுத்தார்கள், பிறகு வட்டி ஏறியது, ஒரு பெரிய கேம் செய்யும் செலவு 200 மில்லியன் டொலரைத் தாண்டியது. இவையும் உண்மை. ஆனால் 30 சின்னக் கம்பனிகள் தனித்தனியாக முடிவெடுக்கும்போது எல்லாம் ஒரே நாளில் தவறுவதில்லை. ஒரே தலைமையகம் தவறினால் முப்பதும் ஆட்டம் காண்கிறது.

அம்மா கேட்டது

என் அக்கா மகன் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் முப்பரிமாண மாடல் செய்பவனாக இருந்தான். வெளிநாட்டுக் கேம்களுக்குத் தேவையான பொருட்களை இங்கே குறைந்த கூலிக்குச் செய்து அனுப்பும் இடம். பீப்பாய், ஏணி, கதவு, தெருவிளக்கு, உடைந்த நாற்காலி, இப்படி. ஒரு கேமுக்குள் நாம் நடந்து போகும்போது கவனிக்காமல் கடந்து போகிற சாமான்கள் எல்லாம் இப்படி எங்கோ ஒருவர் நாள் கணக்கில் இருந்து செய்தவை. எங்கள் குடும்பத்தில் கம்பியூட்டரில் வேலை செய்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். ஒரு மாதம் வழமைக்கு மாறாக, நாளைக்கு வருகிறேன் என்று போன் பண்ணிவிட்டு வந்தான். பையை வைத்துவிட்டு நேரே இஸ்தோப்பில் உட்கார்ந்தான். அவர்கள் யாருக்கு வேலை செய்து கொடுத்தார்களோ அந்த வெளிநாட்டுக் கம்பனியை இன்னொரு பெரிய கம்பனி வாங்கிவிட்டது. வந்தவர்கள் நடந்துகொண்டிருந்த ஒரு கேமை நிறுத்தினார்கள். அந்தக் கேமோடு கொழும்பு ஒப்பந்தமும் நின்றது. ஒரு வீடியோ அழைப்பில் சொல்லி முடித்துவிட்டார்கள். எந்தக் கம்பனி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவன் இன்னும் அதே துறையில் வேலை தேடுகிறவன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிவிட்டார், முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப தொரை மாறிட்டாருன்னு சொல்லு" என்றார். அவன் "ஆமா அம்மாயி, அப்புடித்தான்" என்றான். "சரி, தொரை மாறுனா ஒன் பேரு ஏன் போகுது? செக்ரோல்ல இருக்குமே?" என்று கேட்டார். தொரை என்றால் தோட்டத்தை நடத்தும் மேலாளர், செக்ரோல் என்றால் தொழிலாளர்களின் பெயர்ப் பதிவேடு. அவன் என்னைப் பார்த்தான். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அம்மா விடவில்லை. "வெள்ளக்காரக் கம்பனி போச்சு, கவுருமெண்டு வந்துச்சு. கவுருமெண்டு போச்சு, மறுபடி கம்பனி வந்துச்சு. கம்பனிக்கு மேல வேற கம்பனி வந்துச்சுன்னாங்க, அது யாருன்னே தெரியாது. லயத்துக்கு ஒரு தகரம் மாத்தல. ஆனா மறுநா விடியக்காலம் பெரட்டுல எங்க பேரக் கூப்புட்டாங்கல்ல. கொழுந்து நிக்குமா? ஏழு நாள்ல முத்திப்போகும். ஆள் இல்லாம யாரு எடுப்பா?"

தோட்டத்து நிர்வாகத்தை அம்மா புகழவில்லை. 1975இல் அரசாங்கம் கம்பனித் தோட்டங்களை எடுத்ததும், 1992இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்ததும், பிறகு அந்தக் கம்பனிகளின் பங்குகள் கொழும்பில் கைமாறியதும் லயம் என்ற எங்கள் வரிசை வீடுகளின் காம்பராவுக்குள் எதையும் கொண்டுவரவில்லை என்பதை அவரை விட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு எத்தனை வருஷம் கத்த வேண்டியிருந்தது, 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. அம்மா சொன்னது அதற்கெல்லாம் அடியில் இருக்கும் ஒரு கணக்கு. தோட்டத்தை வாங்குகிறவனுக்கு ஆள் வேண்டும். ஆளைத் துரத்திவிட்டு வெறும் செடியை வைத்திருந்தால் அடுத்த வாரமே அவனுக்கு நட்டம். அதனால்தான் எவ்வளவு மோசமான துரை வந்தாலும் பேர் செக்ரோலில் நின்றது. தொழிற்சங்கம் என்று ஒன்று எழுந்து நிற்க முடிந்ததும் அந்தக் கணக்கின் மேல்தான். கொழுந்து எடுக்காமல் நிறுத்தினால் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, நின்றுவிடும் என்ற பலம்.

கேம் கம்பனியை வாங்குகிறவன் எதை வாங்குகிறான்? பெயரை. பழைய கேம்களின் உரிமையை, ஏற்கனவே மாதாமாதம் பணம் கட்டுகிற ஆட்களின் எண்ணிக்கையை. அவை முத்திப்போவதில்லை. பெட்டியில் போட்டுப் பூட்டினாலும் பத்து வருஷம் கழித்து எடுத்து விற்கலாம். அதைச் செய்த கைகள் அவனுடைய புத்தகத்தில் செலவுப் பக்கத்தில் இருக்கின்றன. வாங்கிய கடனைக் கட்ட முதலில் கைவைப்பது அந்தப் பக்கத்தில்தான். வொலிஷன் போனாலும் செயின்ட்ஸ் ரோ இருக்கிறது, பெர்ஃபெக்ட் டார்க் கேமைச் செய்துகொண்டிருந்த ஸ்டூடியோவை 2025 ஜூலையில் மூடினாலும் பெர்ஃபெக்ட் டார்க் என்ற பெயர் மைக்ரோசொஃப்ட்டிடம் இருக்கிறது. அம்மாவின் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்ததன் காரணம் இதுதான். இந்தத் தொழிலில் பேரக் கூப்பிட வேண்டிய அவசியம் புதுத் துரைக்கு இல்லை.

அன்று சாயந்தரம் அவன் எழுந்துபோய் எங்கள் காம்பராக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினான். பழைய இரும்புத் தாழ்ப்பாள். பனிக்கும் மழைக்கும் துருப்பிடித்து, கை படுகிற இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று கறுத்திருக்கும். ஆணி போன இடத்தில் கம்பி சுற்றியிருக்கும். "மாமா, இதத்தான் செஞ்சேன். அந்தக் கேம்ல ஒரு மலை வீட்டுக் கதவு வேணும்னாங்க. எல்லாரும் இன்டர்நெட்ல படம் தேடுனாங்க. நான் இதைப் போட்டோ புடிச்சிக்கிட்டுப் போயி மூணு வாரமா செஞ்சேன். துரு எங்க சிவப்பு, எங்க கறுப்புன்னு பாத்துப் பாத்து." அந்தக் கேம் இனி வராது. அவன் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, வெளிவராத கேமுக்குச் செய்த எதையும் யாருக்கும் காட்டக்கூடாது. வேலை கேட்டுப் போகும் இடத்தில் எனக்கு இது செய்யத் தெரியும் என்று காட்ட வேண்டிய நல்ல வேலையே அதுதான். கோப்பு அவனிடம் இல்லை, பூட்டப்பட்ட எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. மூன்று வாரம் செய்த தாழ்ப்பாளை விட்டுவிட்டு, நிஜத் தாழ்ப்பாளைக் காட்டி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

நல்ல துரையும் உண்டு என்கிறவர்களுக்கு

குழுவில் இன்னொரு நண்பன் நியாயமான ஒன்றைச் சொன்னான். வாங்கப்பட்டதால் பிழைத்த ஸ்டூடியோக்களும் இருக்கின்றன என்று. டபுள் ஃபைன் ஸ்டூடியோவை 2019இல் மைக்ரோசொஃப்ட் வாங்கியிராவிட்டால் 2021இல் வந்த சைக்கொனோட்ஸ் 2 கேமிலிருந்து பெரிய சண்டைக் கட்டங்களையே வெட்டியிருப்பார்கள், அந்தப் பணம்தான் காப்பாற்றியது என்று அதன் தலைவரே சொல்லியிருக்கிறார். உண்மைதான். இன்னொன்றும் உண்டு, அது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அக்டிவிஷனை வாங்க அனுமதி தேடிய காலத்தில் மைக்ரோசொஃப்ட், ஊழியர்கள் சங்கம் அமைத்தால் குறுக்கே நிற்கமாட்டோம் என்று அமெரிக்கத் தொடர்பாடல் தொழிலாளர் சங்கத்தோடு 2022இல் உடன்பாடு செய்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அக்டிவிஷனின் ரேவன் ஸ்டூடியோவில் கேம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்தவர்கள் வாக்களித்துச் சங்கம் அமைத்திருந்தார்கள். 2023 ஜனவரியில் செனிமேக்ஸின் சோதனை ஊழியர்கள் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் பிளிசார்டின் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் கேமைச் செய்யும் 500க்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். மலையகத்தில் பிறந்த யாருக்கும் இது சாதாரணச் செய்தி இல்லை. ஒரு பெரிய முதலாளியிடம் ஒன்றாகப் பேசுவது, நூறு சின்ன முதலாளிகளிடம் தனித்தனியாகப் பேசுவதை விட எளிது என்பது நம் தாத்தா காலத்து அனுபவம்.

ஆனால் அந்தச் சங்கம் அமெரிக்காவில் நிற்கிறது. கொழும்பில் வேலை வாங்கிச் செய்யும் ஸ்டூடியோவின் பையனுக்கு அது எட்டாது. அவன் அந்தக் கம்பனியின் ஊழியன் அல்ல, ஒப்பந்தக்காரனின் ஊழியன். கேம் முடிந்ததும் ஓடுகிற நீண்ட பெயர்ப் பட்டியலில் இப்படிப்பட்டவர்களுடைய பெயர் பல நேரம் வருவதே இல்லை, வந்தால் ஸ்டூடியோவின் பெயர் ஒரு வரியில் வரும். பெரிய கம்பனி இன்னொன்றை விழுங்கும்போது வேலைநீக்கப்பட்டோர் இத்தனை பேர் என்று வரும் எண்ணிக்கையிலும் அவர்கள் இருக்கமாட்டார்கள்.

அக்டிவிஷன் பேரத்தை உலகத்தின் பெரிய போட்டி ஆணையங்கள் எல்லாம் மாதக்கணக்கில் ஆராய்ந்தன. அமெரிக்காவின் ஆணையம் நீதிமன்றம் போய் 2023 ஜூலையில் தோற்றது. பிரித்தானியாவின் ஆணையம் முதலில் தடுத்தது, பிறகு, கேமைத் தரவிறக்காமல் இணையவழியே ஓடவிட்டு ஆடும் உரிமையை யூபிசொஃப்ட் என்ற வேறொரு கேம் கம்பனிக்குக் கொடுத்ததும் விட்டுக்கொடுத்தது. ஐரோப்பிய ஆணையமும் அதே இணையவழி விஷயத்தில் நிபந்தனை போட்டது. பெரும்பாலும் அவர்கள் கேட்டது, அக்டிவிஷனின் கோல் ஒஃப் டியூட்டி கேம் இனி போட்டிக் கம்பனியான சோனியின் பிளேஸ்டேஷனிலும் வருமா என்ற கேள்வியைத்தான். அது வாங்குகிறவர்களின் கேள்வி, தேவையான கேள்விதான். அதற்கும் கூட முழுப் பதில் கிடைத்ததா? மைக்ரோசொஃப்ட்டின் மாதாந்தக் கேம் சந்தாவான கேம் பாஸின் உயர்ந்த வகை 2023இன் தொடக்கத்தில் மாதம் 14.99 டொலராக இருந்தது. 2025 ஒக்டோபரில் 29.99 ஆகிவிட்டது. செய்கிறவர்களின் கேள்வி, அதாவது என் அம்மா கேட்டது, அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களின் மையத்தில் எங்கும் இல்லை.

இலங்கையில் இருந்து வாங்குகிறவனுக்கும் பெரிய மரியாதை இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கம்பியூட்டரில் ஆடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கைத் திறக்கவே வழியில்லாத நாடுகள் 170க்கு மேல். நம் நாடும் அதில் ஒன்று. அந்த நாடுகளில் கேம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்து சில நாட்களில் நிபந்தனையை விலக்க வைத்தார்கள். இங்கே நமக்குக் கெட்டது செய்ய வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டிருக்கமாட்டார்கள். ஒரு பட்டியலில் நம் பெயர் இல்லை, அவ்வளவுதான். முடிவெடுக்கும் இடங்கள் குறையக் குறைய, விடுபட்டுப் போனால் போய்ச் சொல்ல வேறு கதவும் இல்லாமல் போகிறது.

அப்புத்தளைக்குப் போகிறவர்கள் தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலே லிப்டன் சீட் வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். 1890இல் தோமஸ் லிப்டன் அந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். அந்தப் பெயர் பிறகு யூனிலீவரிடம் போனது. 2022இல் யூனிலீவர் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை சிவிசி என்ற முதலீட்டு நிதியத்துக்கு 4.5 பில்லியன் யூரோவுக்கு விற்றது. சில்வர் லேக்கும் அதே வகை நிதியம்தான். வாங்குவது, செலவைக் குறைப்பது, சில வருஷத்தில் இன்னொருவருக்கு விற்பது அவர்கள் தொழில். தேயிலையின் பெயர் மலையை விட்டு இறங்கி எத்தனையோ கை மாறிவிட்டது. கொழுந்து எடுக்கிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், ஏனென்றால் செடி இங்கே இருக்கிறது. கேமுக்கு அப்படி ஒரு செடியும் மலையும் இல்லை என்பதால், அந்தத் தொழிலாளிக்கு எழுத்தில் ஏதாவது இருந்தாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கைகள் இல்லாமல் பெயர் மட்டும் போதும் என்ற கணக்கும் கடைசியில் சரிவருவதில்லை என்பதற்கு ஈஏயே சாட்சி. கமாண்ட் அன்ட் கொங்கர் செய்த வெஸ்ட்வூட் ஸ்டூடியோவை 1998இல் வாங்கி 2003இல் மூடினார்கள். வெளியே வந்தவர்களில் சிலர் பெட்ரோகிளிஃப் என்று சொந்தமாக ஒன்று தொடங்கினார்கள். 2020இல் புதுப்பித்து வெளியிட்ட அந்தப் பழைய கேமைச் செய்ய ஈஏ போய் நின்றது பெட்ரோகிளிஃப் வாசலில். பதினைந்து வருஷம் கழித்து, மூடிய ஸ்டூடியோவின் ஆட்களையே தேடிப்போக வேண்டியிருந்தது. டுபாய் நண்பனுக்கு நான் அனுப்பிய பதில் இந்தக் கதைதான். 20 பில்லியன் கடனைச் சுமக்கும் கம்பனி, ஏறக்குறைய இருபது வருஷமாகத் தொடாத கிரிக்கெட்டைத் திடீரென்று தொடும் என்று நான் நம்பவில்லை என்றும் எழுதினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பந்தயம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறான்.

அக்கா மகனுக்குப் போன மாதம் புதிய வேலை ஒன்று வந்தது. சின்ன அணி, தூரத்தில் இருந்தே செய்யும் வேலை, சம்பளம் பழையதை விடக் குறைவு. ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பினான், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வரி வரியாக வாசித்தோம். இரண்டு இடத்தில் மாற்றம் கேட்கச் சொன்னேன். கேம் கைவிடப்பட்டாலும், கம்பனி விற்கப்பட்டாலும், தான் செய்த மாடல்களை ஆறு மாதம் கழித்து வேலை தேடும் இடங்களில் காட்ட அனுமதி வேண்டும். கேம் வெளிவந்தால், அவன் அப்போது வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பட்டியலில் அவனுடைய சொந்தப் பெயர் வர வேண்டும். இப்படிக் கேட்டால் வேலையே போய்விடுமோ என்று அக்காவுக்குப் பயம். அம்மாதான் "கேக்கட்டும் விடு" என்றார். முதலாவதை அவர்கள் ஏற்றுக்கொண்டு திருத்தி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதற்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை, அடுத்த வாரம் திரும்பக் கேட்கப் போகிறான்.